ஏழாவது இணைப்புக்கு டேப் ஒட்டமாட்டேன்

லிஃப்டுக்குள் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயர் இல்லை. "மூன்றாம் மாடியில் பொருத்தப்பட்டுள்ள புகைக்குழாயின் எல்லா இணைப்புகளும் ஞாயிற்றுக்கிழமைக்குள் டேப் ஒட்டி முழுமையாக அடைக்கப்பட வேண்டும். தவறினால் குடியிருப்போர் சங்கமே குழாயை அகற்றிவிடும்" என்று மட்டும் இருக்கிறது. மூன்றாம் மாடியில் நான்கு வீடுகள். புகைக்குழாய் உள்ள வீடு ஒன்றே ஒன்று. பெயர் போடாமல் விட்டது மரியாதைக்காம். கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் ஏற இருபத்திரண்டு வினாடி ஆகும். அதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன். கோபம் ஆறவில்லை என்பதால் மறுபடி கீழே இறங்கி, ஏறி, மூன்றாவது முறையும் படித்தேன்.

குழாயில் ஏழு இணைப்புகள். ஆறுக்கு டேப் ஒட்டியாயிற்று. ஏழாவது எங்கள் சமையலறைக்குள் இருக்கிறது. நான் காப்பிக்கொட்டை வறுக்கும் சின்ன இயந்திரத்தின் முதுகில் குழாய் வந்து சேருகிற இடம். அதற்கு மட்டும் ஒட்டவில்லை. ஒட்டப்போவதும் இல்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். சங்கத்துக்குச் சொல்ல முடியாது.

என் மனைவி வசந்தாவுக்கு நான்கு வருடங்களாக வாசனை தெரியாது. அந்தப் பெரிய காய்ச்சல் வந்தபோது பலருக்கும் போனதுபோல அவளுக்கும் போயிற்று. மற்றவர்களுக்குத் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. டாக்டர் நான்கு சிறிய புட்டிகள் எழுதிக் கொடுத்தார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது வினாடி முகர வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வினாடி எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு நாட்கள். நூற்றுப் பதின்மூன்றாம் நாள் அவள் நான்கு புட்டிகளையும் எடுத்து அலமாரியின் பின்னால் வைத்துவிட்டு, "போதுங்க. நீங்க எண்ணுறதக் கேட்டா எனக்குத் தூக்கம்தான் வருது" என்றாள். ரசம் அவளுக்குப் புளிக்கிறது, உறைக்கிறது, ஆனால் அது ரசமாக இல்லையாம். காப்பிக்கு வெந்நீர் என்று பெயர் வைத்துவிட்டாள். "வெந்நீர் ஆச்சா?" என்றுதான் காலையில் கேட்பாள்.

போன வருடம் ஒரு நாள் காலையில் காப்பிப்பொடி டப்பாவைத் திறக்கும்போது கை தவறி, எரிகிற அடுப்பின் மேல் பொடி சிந்திவிட்டது. ஒன்றரை ஸ்பூன் இருக்கும். ஒரே கருகல் புகை. திட்டு வரப்போகிறதே என்று நான் துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"ஏங்க, சாகுல் பாய் கடை வாசனை வருது."

நான் விசிறுவதை நிறுத்திவிட்டேன். மூன்று வருடங்களில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வாசனைப் பேச்சு அது. பொதுவாகக் கருகுகிறது என்றுகூடச் சொல்லவில்லை, கடைக்காரர் பெயரோடு சொன்னாள். அந்தக் கடை இல்லாமல் போயே இருபத்தாறு வருடம் ஆகிறது.

நீங்கள் தாம்பரத்தை இப்போது பார்த்தவராக இருந்தால் அந்த இடத்தைக் கற்பனை செய்வது கஷ்டம். மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையைப் பார்த்தமாதிரி ஒரு வரிசைக் கடைகள். அதில் மூன்றாவது, சாகுல் பாயின் காப்பிக்கொட்டைக் கடை. அதற்கு நேர் பின்னால், மேற்கே, ஒரு ஓட்டு வீட்டின் மாடியில் எனக்கு ஒரு அறை. பதினோரு அடிக்கு ஒன்பது அடி. இருபத்தேழு வயது. விமான நிலையத்தை ஒட்டிய வானிலை நிலையத்தில் எனக்கு வேலை. பாய் தன் கடைக்குள் பெரிய இரும்பு உருளை ஒன்றில் கொட்டை வறுப்பார். அதன் புகை கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு தகரக் குழாய் வழியாக வெளியே வரும். அந்தக் குழாயின் வாய் சரியாக என் ஜன்னலின் உயரம். அளந்து பார்த்திருக்கிறேன். வித்தியாசம் நான்கு அங்குலம்.

அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்குக் கண் எரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டால் பழுப்பு வாடை அடித்தது. தலையணையில் முகம் புதைத்தால் காப்பி டபராவுக்குள் முகம் புதைத்த மாதிரி இருந்தது. வறுத்த காப்பியின் மணத்தைக் கொண்டாடுகிறவர்கள் அதன் புகைக்குள் குடியிருந்து பார்க்க வேண்டும். மணம் முதல் ஐந்து நிமிடம். அப்புறம் அது எரிகிற கோணிப்பைதான்.

அதனால் நான் ஒரு மனு எழுதினேன். நகராட்சிக்கு, ஆங்கிலத்தில், மூன்று பக்கம். பதினான்கு நாட்கள் எந்த நேரத்தில் புகை வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, அப்போது காற்று எந்தத் திசை என்று அட்டவணை போட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் கொடுப்பதுதான் நியாயம் என்று தோன்றியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இங்கிலீஸ் வராது சார். நீங்களே படிச்சு சொல்லிடுங்க" என்றார். ஆக, ஒரு மனிதரைப் பற்றி நான் எழுதிய புகாரை, அவர் கடையில், அவர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, அவருக்கே தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னேன். மூன்று பக்கத்தையும். நடுவில் எனக்கு ஒரு டம்ளர் காப்பி வந்தது. குடித்தேன். குடிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காத்து அளக்குற ஆபீஸ்லயா சார் வேல?" என்றார்.

"ஆமாம்."

"அப்புறம் இன்னா சார்? காத்து உங்க கைலதானே கீது? அத்த கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வுடச் சொல்லுங்களேன்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து பேர். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் எழுந்து வரும்போது பாய் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, நிஜமாகவே கேட்டார்: "காத்து எப்போ திரும்பும்னு முன்னாடியே தெரியுமா சார்? தெரிஞ்சா சொல்லுங்க. அதுக்குத் தக்கன நான் வறுத்துக்கிறேன்."

தெரியும். அதுதான் என் பிழைப்பு. கோடையில் காலையில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து. பாயின் புகை அப்போது ரயில் பாதையைத் தாண்டி நடைமேடைப் பக்கம் போகும். பிற்பகலில் கடல்காற்று வந்துவிடும், கிழக்கிலிருந்து. அப்போது புகை நேராக என் அறைக்கு. கடல்காற்று தாம்பரத்தைத் தொடும் நேரம் தினமும் ஒன்றாக இருக்காது. சில நாள் பன்னிரண்டரைக்கே வரும். மேல்காற்று முரண்டு பிடித்தால் மூன்று மணி ஆகும். அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாய் அதற்குள் வறுத்து முடித்துவிடலாம்.

இப்படி ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. காலையில் ரயிலுக்குப் போகும்போது கடை வாசலில் நின்று கையை உயர்த்துவேன். ஒரு விரல் என்றால் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். இரண்டு விரல் என்றால் இரண்டு மணிக்குள். முஷ்டி மடக்கினால் நாள் முழுக்க மேல்காற்று, எப்போது வேண்டுமானாலும் வறுக்கலாம். பாய் பதிலுக்குத் தலையில் கை வைத்து ஒரு சலாம் போடுவார். தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்து என்ன நினைத்தார்களோ. மனு என் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

அலுவலகத்தில் என் முக்கிய வேலை பலூன். ஹைட்ரஜன் அடைத்த பலூன் ஒன்றை மேலே விட்டுவிட்டு, தொலைநோக்கி பொருத்திய கருவியால் அதைத் துரத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும், அது நிற்கும் கோணத்தைக் குறிக்க வேண்டும். எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது அதிலிருந்து தெரியும். பலூன் கண்ணுக்குத் தெரிகிற வரை பார்வையை எடுக்கக் கூடாது. கழுத்து வலிக்கிறது, மத்தியானச் சாப்பாடு ஆறுகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. மறைந்த பிறகுதான் மறைந்த நிமிடத்தை எழுதிவிட்டு எழுந்திருக்கலாம். எனக்கு அதிகபட்சம் தொண்ணூற்றொரு நிமிடம். மிளகளவு, கடுகளவு, அப்புறம் இருக்கிறதா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும் அளவு. பக்கத்து நாற்காலிக்காரர், "போச்சுய்யா, எழுந்து வா" என்பார். எனக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

அடுத்த வருடம் கல்யாணம். வசந்தா திண்டுக்கல்லிலிருந்து வந்தாள். பதினோரு அடிக்கு ஒன்பது அடி அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "காப்பிக்கடைக்குள்ளயா குடியிருக்கீங்க?" என்றாள். என் விரல் ஏற்பாட்டைப் பெருமையாக விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்தக் கோடையில்தான் என் கணிப்புகள் தவற ஆரம்பித்தன. இரண்டு விரல் காட்டிவிட்டுப் போயிருப்பேன். சாயங்காலம் வந்தால் அறை முழுக்கப் புகை வாடை. "காத்து சீக்கிரம் மாறிடுச்சு போல" என்பாள் வசந்தா, வெங்காயம் நறுக்கியபடி. பாயிடம் போய் நின்றால் கையை விரிப்பார்: "காத்துக்கு இன்னா சார் தெரியும், உங்க வெரலு?" டைரியில் அந்த நாளுக்கு எதிரே சிவப்பு மையில் பிழை என்று எழுதுவேன். எழுபத்துநாலு நாட்களில் பதினோரு பிழை. அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை என்றாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகக் கருவிகளின் பதிவை எடுத்துப் பார்த்தால் அந்த நாட்களிலும் கடல்காற்று நான் சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருந்தது. அப்படியானால் தாம்பரத்துக்கு மட்டும் தனிக் காற்றா? மலைகளின் பாதிப்பு என்று ஒரு கொள்கையே உருவாக்கினேன். பல்லாவரம் மலையை அதற்குப் பொறுப்பாக்கி எட்டுப் பக்கம் எழுதி மேலதிகாரிக்குக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பினார். இன்றைக்கு நினைத்தால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது நாங்கள் குடியிருக்கும் மேடவாக்கத்துக்கு வருகிறேன்.

பொடி சிந்திய மறுநாள் வேண்டுமென்றே மறுபடி சிந்தினேன். வசந்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சைக் கொட்டை வாங்கி வாணலியில் வறுத்துப் பார்த்தேன். பதினேழு முறையில் நான்கு முறை தெரிந்தது. மற்ற நாட்களில் தீ கூடியது, குறைந்தது. அப்புறம்தான் இந்த இயந்திரத்தை வாங்கினேன். இருநூறு கிராம் கொள்ளும் உருளை, தானே சுழலும். கொட்டை வறுபடும்போது இரண்டு தடவை வெடிக்கும். முதல் வெடி சோளம் பொரிவது மாதிரி. அதற்குச் சில நிமிடம் கழித்து இரண்டாவது வெடி, சன்னமாக, அப்பளம் நொறுங்குவது மாதிரி. அப்போது ஒரு நீலப்புகை கிளம்பும். அந்தப் புகை மட்டும்தான் அவளுக்கு எட்டுகிறது. முந்தைய புகை எட்டாது, பிந்தியது வெறும் கரி. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்காருவாள். நான் இரண்டாவது வெடி கேட்டதும் எண்ணத் தொடங்குவேன். இயந்திரம் வந்த முதல் வாரம் பத்தொன்பது எண்ணும்போது, "ம், வந்துடுச்சு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. வாரத்துக்கு மூன்று நாள்.

இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். "உங்கள யாரு படிக்கப்போறா? எழுதுங்க" என்றாள். ஆனால் சங்கத்துக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. "என் மூக்கப் பத்தி வாட்ஸ்அப்புல பேச்சு வரக்கூடாது. பரிதாபப்பட்டுக்கிட்டு நாலு பேர் பழம் வாங்கிட்டு வருவாங்க." அதனால்தான் இத்தனை வம்பும்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தோடு ஒரு மடிப்பு அலுமினியக் குழாய் வந்தது. மீதிப் புகையை எங்காவது விட வேண்டுமே. கட்டடத்தின் நடுவில், கழிவுநீர்க் குழாய்கள் இறங்குவதற்காக ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. எல்லோரும் டக்ட் என்பார்கள். ஐந்து மாடிக் குளியலறை ஜன்னல்களும் அதில்தான் திறக்கின்றன. நான் குழாயை அதற்குள் விட்டேன். முப்பத்தொரு வருடம் காற்றை அளந்தவன், சூடான புகை மேலே ஏறும் என்பதையும், ஏறுகிற வழியில் ஜன்னல் இருந்தால் நுழையும் என்பதையும் மறந்துவிட்டேன். ஆறாவது வறுவலின்போது மேல் வீட்டு திவ்யா வந்தாள். சின்னப் பெண், கணினி வேலை, எட்டு மாதக் குழந்தை. கையில் குழந்தையின் துணிகள்.

"அங்கிள், நீங்களே ஸ்மெல் பண்ணிப் பாருங்க. மூணு தடவ வாஷ் பண்ணிட்டேன்."

முகர்ந்தேன். நல்ல வறுவல். பத்து வினாடி முன்னால் நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. அதற்குள் வசந்தா ஒரு துணியை வாங்கி முகத்தில் வைத்து ஆழமாக இழுத்துப் பார்த்தாள். பிறகு, உண்மையைத்தானே சொல்கிறாள், "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றாள்.

திவ்யாவின் முகம் சிவந்துவிட்டது. "ஆன்ட்டி, நீங்களுமா? அங்கிளுக்கு சப்போர்ட் பண்றதுக்கு ஒரு அளவு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் படியில் தடதடவென்று ஏறிப் போனாள். வசந்தா கையில் ஒரு குட்டிச் சட்டை மிஞ்சிவிட்டது. அதை மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திவ்யா சொன்னது முழுக்க நியாயம். நானே மூன்று பக்கம் எழுதியவன்தானே. சங்கச் செயலாளர் முரளி வந்து, மொட்டைமாடிக்கு மேலே புகை போகும்படி குழாய் போட்டால் வறுக்கலாம், இல்லாவிட்டால் வறுக்கக் கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன். எங்கள் பக்கத்து பிளம்பர் ஏழுமலை வந்து வரைபடத்தைப் பார்த்தார். நான் வரைந்தது, அளவுகளோடு.

"தண்ணிக்கு லைன் இழுத்துகீறேன், கேசுக்கு இழுத்துகீறேன். புகைக்கு லைன் போட சொல்ற ஃபர்ஸ்ட்டு ஆளு நீதான் சார்."

முப்பத்து நான்கு அடி. சர்வீஸ் பால்கனி வழியாக வெளியேறி, சுவரோடு ஏறி, மொட்டைமாடிச் சுவருக்கு மேல் மூன்று அடி நீட்டி, மழை விழாமல் ஒரு தொப்பி. உள்ளே ஒரு சிறு விசிறி. ஏழு இணைப்பு, ஏழுக்கும் டேப். வறுத்தேன். மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஓடி என்றால் என் வயதுக்கு ஓடி. புகை தொப்பியிலிருந்து மெல்லிய நூலாகக் கிளம்பி, பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வந்த காற்றில் திரும்பி, மேற்கே போய்க்கொண்டிருந்தது. இறங்கி வந்தேன். சமையலறையில் ஒரு பொட்டுப் புகை இல்லை.

"பார்த்தியா? ஒரு பொட்டு இல்ல!" என்றேன்.

வசந்தா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "இல்லதான்" என்றாள்.

நம்புங்கள், எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இன்னும் எட்டு தடவை வறுத்தேன். மொத்தம் ஒன்பது. ஒன்பது நாளும் அவள் வந்து உட்கார்ந்தாள், ஒன்பது நாளும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். நான் குழாயின் திறமையை மெச்சிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் அவள் சொன்னாள்: "உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து புகைய வெரட்றதே வேல."

"என்ன செய்யச் சொல்றே? மேல் வீட்டுக் குழந்தை..."

"அத சொல்லல. தாம்பரத்துல சொல்றேன். பாய்கிட்ட வெரல் காட்டிட்டுப் போவீங்களே."

"ஆமா. பதினோரு நாள் தப்பாச்சு."

"தப்பெல்லாம் ஆகல. நான்தான் பாய்கிட்ட சொல்லியிருந்தேன், வாரத்துக்கு ஒரு தடவையாவது சார் சொன்ன நேரத்துக்கு அப்புறம் வறுங்கன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேறு இடம் இல்லாததால் அரிசி டின் மேல்.

"எதுக்கு?"

"நீங்க ஏழு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வருவீங்க. எனக்கு அந்த ஊர்ல யாரத் தெரியும்? மத்தியானம் மூணு மணிக்கு அந்தப் புகை ஜன்னல்ல வந்தா, யாரோ வீட்டுக்கு வந்தமாதிரி இருக்கும். பாய்தான் பயந்தாரு, சார் திட்டுவாரும்மான்னு. திட்ட மாட்டாரு பாய், தன் கணக்குதான் தப்புன்னு நெனச்சுப்பாருன்னு சொன்னேன்."

"பல்லாவரம் மலையப் பத்தி எட்டுப் பக்கம் எழுதினேனே!"

"தெரியும். நான்தானே பேப்பர நேராப் பிடிச்சுக்கிட்டேன், நீங்க கோடு போடறதுக்கு."

கொஞ்ச நேரம் கோபமாக இருக்க முயன்றேன். முடியவில்லை. எழுந்து போய், ஏழாவது இணைப்பின் டேப்பைப் பிய்த்தேன். நகம் உடைந்தது.

இப்போது எங்கள் முறை இதுதான். சமையலறை ஜன்னலை மூடுவோம். வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டைச் செருகுவோம். இரண்டாம் வெடி கேட்டதும் தீயை நிறுத்திவிட்டு ஏழாவது இணைப்பைக் கழற்றுவேன். நாற்பது எண்ணும் வரை புகை எங்களுடையது. அதற்கப்புறம் குழாயை மாட்டினால் மிச்சம் மாடிக்குப் போய்விடும். நாற்பது என்பது நானே வைத்த வரம்பு. அதற்கு மேல் விட்டால் துண்டைத் தாண்டி நடைபாதைக்குப் போய்விடுமோ என்று பயம். என் கண் எரியும், தண்ணீர் கொட்டும். இருபத்தேழு வயதில் எதைத் துரத்த மனு எழுதினேனோ அதை எழுபத்தாறு வயதில் கதவைச் சாத்தி உள்ளே வைத்துக்கொள்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

முரளி சோதனைக்கு வந்தார். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏழாவதற்கு வந்தார்.

"சார், இது லூசா இருக்கே."

"லூசாத்தான் வெச்சிருக்கேன்."

"டேப் போட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷ வேலை. போட மாட்டேன்."

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே சார்?"

"மேல் வீட்டுக்குப் புகை போகுதா? திவ்யாவைக் கூப்பிட்டுக் கேளுங்க."

அங்கேயே ஃபோன் போட்டார். அந்தப் பெண்ணுக்கு என் மேல் கோபம் தீரவில்லை, குரலிலேயே தெரிந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை. "இப்ப வர்றதில்ல சார்" என்றாள்.

முரளி ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "புகைய வீட்டுக்குள்ள விட்டுக்கறதுக்கா சார் முப்பத்து நாலு அடி குழாய் போட்டீங்க?"

நல்ல கேள்வி. ஹாலில் வசந்தா பேப்பரைப் புரட்டும் சத்தம் நின்றுபோனது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஆமாமுக்குப் பதில்தான் லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் பழைய டைரிகள் இருக்கும் பெட்டியை இறக்கினேன். அந்தக் கோடைக்கு உரியதை எடுத்து, பதினோரு சிவப்புப் பிழைகளையும் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அடித்தேன். மேலே என்ன எழுதுவது என்று யோசித்து, "காற்று சரி" என்று எழுதினேன். இதைப் போய்ச் சொல்வதற்குச் சாகுல் பாய் இல்லை. அவர் காலமான மறு வருடம் கடையும் போயிற்று. போன மாதம் தாம்பரம் போனபோது பார்த்தேன். அந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். எங்கள் ஓட்டு வீடு இருந்த இடத்தில் ஆறு மாடி நிற்கிறது. ரயில் நடைமேடையில் கால் மணி நேரம் நின்று மூக்கை நீட்டிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணி, கடல்காற்று நன்றாக வீசியது, அதில் ஒன்றுமே இல்லை. டீசல், பொரித்த எண்ணெய், கூட்டம். யார் வீட்டு ஜன்னலுக்கும் அது எதையும் எடுத்துப் போகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் வாரம் பத்தொன்பதில் வந்த வாசனை, டேப்பைப் பிய்த்த அன்று இருபத்தாறில் வந்தது. போன வாரம் முப்பத்தொன்று. இன்று, முரளி வருவதற்குள் வறுத்துவிடலாம் என்று அவசரமாக வறுத்தேன். முப்பத்தெட்டு எண்ணிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்பதில், "ம்" என்றாள். "வந்துடுச்சு" என்று சொல்லவில்லை. ஆனால் "ம்" உண்டு. என் காது கேட்டது.

இதை எழுதும்போதே அழைப்பு மணி அடிக்கிறது. முரளியாகத்தான் இருக்கும், கையில் டேப்போடு. அடிக்கட்டும். குழாயைப் பிடுங்கினால் வாணலி இருக்கிறது. வாணலியையும் பிடுங்கினால் அடுப்பும் ஒன்றரை ஸ்பூன் பொடியும் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அடுத்த வறுவல். கதவின் அடியில் துண்டை இன்னும் இறுக்கமாகச் செருகிவிட்டு, தேவைப்பட்டால் நாற்பத்தொன்று என்று எண்ணுவேன்.